அந்த லென்ஸில் குறை இல்லை

தம்பி, உனக்கு ஸலாம். போனில் சொல்ல வாய் வராததை எழுதிப் பார்க்கிறேன். போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வேலையை விடப்போவதாகவும், நீயும் உன் கூட்டாளியும் சேர்ந்து சென்னையிலேயே கல்யாண போட்டோ எடுக்கும் கம்பெனி ஆரம்பிக்கப்போவதாகவும் சொன்னாய். கேமரா வாங்கியாயிற்று, லென்ஸ்தான் பாக்கி. கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸை வாங்குவதா, அதற்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனிக்காரன் செய்கிற லென்ஸை வாங்குவதா என்று கேட்டாய். நான் பதில் யோசிப்பதற்குள் நீயே சொன்னாய்: "இதை நான் கேக்கவே கூடாதும்மா. வேற கம்பெனி லென்ஸ வாங்கிக் குடுத்துத்தானே அத்தா தொழில முடிச்சு வச்சேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து, வலிக்கவில்லை என்று சொல்லும்போது நீ சிரிக்கிற சிரிப்பு அது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் ரகசியமாக அனுப்பவில்லை. நம் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப்போகிறேன். உன் பெரியத்தா பிள்ளைகளும் படிக்க வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது. மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது. யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

நான் கேமராவைத் தொட்ட கதை உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அத்தாவின் கும்பகோணத்துப் போட்டோ கடையில் பிரிண்ட் வெட்டி ஆல்பம் ஒட்டுவதுதான் என் வேலை. நம் ஆட்கள் வீட்டு நிக்காஹ்வில் பெண்கள் பக்கம் ஆம்பளை போட்டோகிராபர் வரக்கூடாது என்பார்கள். பெண்ணை மட்டும் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்து, அவசரமாக நாலு படம் எடுக்கச் சொல்லிவிட்டு அத்தாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் அவர் தன் பழைய கேமராவை என் கையில் கொடுத்து, "நீ உள்ள போய் எடு. யாரும் உன்ன வெளிய போகச் சொல்லமாட்டாங்க" என்றார். அதிலிருந்து உள்ளே நான், வெளியே அவர். பிறகு இந்துக் கல்யாணங்களிலும் மணப்பெண் அறைக்கு என்னையே கூப்பிட ஆரம்பித்தார்கள். முக்காடு போட்ட பாயம்மா வந்து புடவை மடிப்பைச் சரிசெய்து படம் எடுப்பதில் அந்தப் பெண்களுக்கும் ஒரு நிம்மதி.

உன் முதல் சம்பளத்தில் நீ அந்த லென்ஸை வாங்கிக்கொண்டு வந்தாய். அத்தாவின் கேமரா கம்பெனி அதே மாதிரி லென்ஸ் செய்கிறது. அதை வாங்க உனக்கு அப்போது வசதியில்லை. வேறு கம்பெனியுடையதை, நாலு பேரிடம் விசாரித்து, இன்டர்நெட்டில் படித்துப் பார்த்து வாங்கியிருந்தாய். அத்தா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்போதே கேமராவில் மாட்டிப் பார்த்தார். மறுநாள் தாராசுரத்துக்கு ஒரு புது ஜோடியைக் கூட்டிக்கொண்டு போய், கோயில் மண்டப நிழலில் வைத்து அதிலேயே எல்லாப் படமும் எடுத்தார். சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். பெண்ணின் மூக்குத்திக் கல் தனித்தனியாகத் தெரிந்தது. "நம்ம பய கண்ணு நல்ல கண்ணு. பாத்து வாங்கியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதை அவர் உன்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருக்கமாட்டார்.

அந்த லென்ஸுக்குச் சில குணங்கள் உண்டு. ஜூம் வளையம் கேமரா கம்பெனி லென்ஸுக்கு நேர் எதிராகத் திரும்பும். அவசரத்தில் கிட்டக் கொண்டுவர நினைத்தால் எட்டப் போகும். தாலி கட்டுகிற நேரத்தில் இது பெரிய தொல்லை. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் சில நேரம் முன்னும் பின்னும் ஓடித் தேடிவிட்டுத்தான் முகத்தைப் பிடிக்கும். ஒருமுறை கேமராவுக்குள் இருக்கும் சாஃப்ட்வேரைப் புதுசாக மாற்றினோம். லென்ஸ் வேலை செய்யவே மறுத்தது. கேமரா சர்வீஸ்காரர்கள் அது எங்கள் பொருள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். லென்ஸ் கம்பெனிக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்குவதற்குள் முகூர்த்த மாதம் பாதி போய்விட்டது. இவ்வளவுதான் அதன் குறை. பழகிய பிறகு கை தானாகத் தெரிந்துகொண்டது.

ஒரு வருஷம் போயிருக்கும். அத்தா எடுக்கிற படங்களில் முகம் மங்க ஆரம்பித்தது. எல்லாப் படத்திலும் இல்லை. ஒன்று நன்றாக இருக்கும், அடுத்ததில் மாப்பிள்ளை முகம் கலங்கலாக இருக்கும், பின்னால் இருக்கிற வாழைமரம் கூர்மையாக இருக்கும். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது நான் காட்டினேன். "லென்ஸ் தேடுதுல்ல, அதான்" என்றார். ஊரில் மற்ற ஸ்டூடியோக்காரர்களும் அதையே சொன்னார்கள். வேறு கம்பெனி லென்ஸ் கொஞ்சநாள்தான் உழைக்கும், அப்புறம் போகஸ் தவறும் என்று ஒருத்தர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு உன் காதுக்கும் வந்தது. நீ பதறிப்போய் எப்படியோ சிரமப்பட்டுக் கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸையே வாங்கி அனுப்பினாய். பழையதை அத்தா என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கையில் கம்பெனி லென்ஸ், என் கையில் நீ முதலில் வாங்கியது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

அதற்குப் பிறகுதான் கீழ்வேளூர்க் கல்யாணம். பெண்ணின் அப்பா கலியபெருமாள். அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். இவர் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, குத்தகைக்கும் கொஞ்சம் எடுத்து விவசாயம் செய்கிறார். மூத்த பையன் வீரமணி வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அவன் உழைப்பில் நடந்த கல்யாணம் அது. லீவு போட்டு வந்திருந்தான். ஒரு இடத்தில் நிற்கமாட்டான். பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுவான், ஜெனரேட்டர்காரனோடு சண்டை போடுவான், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றுவான். அத்தா அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். "இருங்க பாய், வந்துடறேன்" என்பான், வரமாட்டான். கடைசியில் அத்தாவே போய்த் தோளைப் பிடித்து இழுத்துவந்து, தங்கச்சி பக்கத்தில், அப்பா அம்மா பக்கத்தில் என்று நிறுத்தி வரிசையாக எடுத்தார்.

லீவு முடிந்து போனவன் வேலையிடத்தில் உயரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். உடல் வந்து அடக்கமும் முடிந்த பிறகு, கலியபெருமாளும் அவர் மனைவியும் கடைக்கு வந்தார்கள். ஆல்பம் அப்போது தயாராகவில்லை. வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், அந்தம்மா வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது. "வீட்ல மாட்டுறதுக்கு அவன் போட்டோ ஒண்ணு வேணும் பாய். மீசை முளைக்காத வயசுல எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் எங்ககிட்ட இருக்கு. போன்ல இருந்ததெல்லாம் அவன் போனோட போயிடுச்சு. கல்யாணத்துல நீங்க நிறைய எடுத்தீங்களே" என்றார் கலியபெருமாள்.

நான் உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் தேடினேன். அத்தா எடுத்த அத்தனை படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வீரமணி கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறான். ஒன்றில்கூட அவன் முகம் தெளிவாக இல்லை. பின்னால் தொங்கும் பூச்சரத்தில் ஒவ்வொரு பூவும் தெரிகிறது. ஒரு படத்தில் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவரின் சட்டைப் பொத்தான் தெரிகிறது. இது கம்பெனி லென்ஸில் எடுத்தது, தம்பி. நீ இரண்டாவதாக அனுப்பினாயே, அதில். பிறகு நான் எடுத்ததைத் திறந்தேன். மணப்பெண் அறையில் தங்கச்சியின் கொலுசுத் திருகு கழன்றுபோனது என்று அவன் ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்ட ஒரு படம் இருந்தது. நீ முதலில் வாங்கிய லென்ஸில், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. ஆனால் அவன் குனிந்திருந்தான். இமைதான் தெரிந்தது, கண் தெரியவில்லை.

இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டு மேஜையில் வைத்தேன். அந்தம்மா நான் எடுத்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள கண்ணு தெரியலையேம்மா" என்றது. அப்போது அத்தா தான் எடுத்த படத்தைக் கையில் எடுத்தார். நேராகப் பார்க்கவில்லை. கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, படத்தை முகத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது சுத்தமா இருக்கே. இதையே பெருசு பண்ணிக் குடுத்துடு" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் கலங்கியிருப்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் படம் எடுத்த மனிதருக்குத் தெரியவில்லை.

கலியபெருமாள் அந்தக் கலங்கிய படத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது. மனைவியிடம் காட்டி, "இது இருக்கட்டும். இதுலதான் நம்மளப் பாக்குறான்" என்றார். அதைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தோம். பெரிதாக்கினால் இன்னும் கலங்கும். கலங்கிய முகத்தோடுதான் அந்தப் பையன் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறான்.

அவர்கள் போன பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அத்தாவைக் கேட்டேன். "உங்க கண்ணுக்கு என்னங்க?" முதலில் கோபப்பட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எதப் பாக்குறேனோ அது மட்டும் தெரியல. சுத்தி எல்லாம் தெரியுது. உன்னப் பாத்தா முக்காடு தெரியுது, தோடு தெரியுது. மூஞ்சி இருக்கிற எடத்துல புகையாட்டம் இருக்கு." இப்போது வருகிற கேமராக்கள் ஆளுடைய கண்ணைத் தானே தேடிப் பிடித்துவிடுகின்றன. அவருடையது பழசு. போகஸ் கட்டத்தை முகத்தின்மேல் நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவருக்கு முகமே தெரியவில்லை, எங்கே வைப்பார்? குத்துமதிப்பாக வைத்து அழுத்தியிருக்கிறார். பிடித்துவிட்டேன் என்று கேமரா பீப் அடித்திருக்கிறது. எதைப் பிடித்தது என்று அதற்கென்ன தெரியும்.

அந்த வாரமே நீ போன் பண்ணினாய். உன் சிநேகிதன் யாரோ சொல்லி, வீரமணி படம் கலங்கிப்போன விஷயம் உனக்குத் தெரிந்திருந்தது. "எந்த லென்ஸ்லத்தா எடுத்தீங்க?" என்று கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தா, "பழசுதாம்ப்பா. மறந்து அதையே மாட்டிக்கிட்டுப் போயிட்டேன்" என்றார். போன் வைத்ததும் நான் சத்தம் போட்டேன். "புள்ள மேல ஏங்க பழியப் போடுறீங்க?" என்றேன். "புது லென்ஸ்லதான் எடுத்தேன்னு சொன்னா, அப்ப என்ன ஆச்சுன்னு கேப்பான். கண்ணுன்னு தெரிஞ்சா மறுநாளே வேலைய விட்டுட்டு இங்க வந்து நிப்பான். லென்ஸ்னு நினைச்சுக்கட்டும். லென்ஸுக்காக யாரும் அழமாட்டாங்க" என்றார். நீ அழுதாய் என்று உன் கூட்டாளி சொல்லித்தான் பின்னால் எனக்குத் தெரிந்தது. அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன்னிடம் சர்க்கரைக்குப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னது அந்தப் பயணத்தைத்தான். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிருக்கிறது, கண்ணாடி போட்டாலும் ஆபரேஷன் பண்ணினாலும் போனது திரும்பாது என்றார் அந்த டாக்டரம்மா. "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது பார்வை போயிருக்கா?" என்று கேட்டார். இவருடைய அத்தாவைக் கடைசி காலத்தில் கையைப் பிடித்துத்தான் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவார்கள். வயசாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அதைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது பரம்பரையா வர்ற வகையா இருக்கலாம். உங்க பையனையும், இவரோட அண்ணன் பிள்ளைங்களையும் ஒரு தடவ காட்டிடுங்க. முன்னாடியே தெரிஞ்சா என்ன வேலைக்குப் போறதுன்னாவது அவங்க யோசிச்சுக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, உனக்கு உடனே சொல்லிவிடலாம் என்றேன். அத்தா மறுத்துவிட்டார். "கண்ணு போற குடும்பம்னு பேரு வந்துட்டா யாரு பொண்ணு குடுப்பா? மொதல்ல அவனுக்கு நிக்காஹ் முடியட்டும்" என்றார். எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனாலும் அந்த நிலைமையில் அவரோடு மல்லுக்கு நிற்க மனசு வரவில்லை. நீ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாய், கொஞ்சநாள் போனால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயோ இப்போது அந்த வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கப்போகிறேன் என்கிறாய். இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தாய் இல்லை.

அத்தா முதுகுவலி என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார் அல்லவா, அது நீ நினைப்பதுபோல லென்ஸாலும் இல்லை, முதுகிலும் ஒன்றும் இல்லை. இப்போது கடையில் உட்கார்ந்திருக்கிறார். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறார். தெருவில் எதிரே வந்து சிரிப்பவர்களுக்குப் பதில் சிரிப்பு சிரிக்காததால், பாய்க்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் அவர்களுக்கும் விளக்கம் சொல்வதில்லை. ரோடு தாண்டும்போது கழுத்தைச் சாய்த்து ஓரத்தால் பார்த்து நடக்கிறார். நீ வீடியோ காலில் வரும்போதெல்லாம் போனைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறாரே, போன் பிடிக்கத் தெரியவில்லை என்று நீ கேலி செய்வாயே, அது அப்படிப் பிடித்தால்தான் உன் முகம் கொஞ்சமாவது தெரியும் என்பதற்காக.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வேலைக்கு முதல் கேமராவில் கம்பெனி லென்ஸ் இருப்பது நல்லதுதான். சர்வீஸுக்கு அலைய வேண்டாம், கேமராவின் சாஃப்ட்வேரை மாற்றினாலும் பயமில்லை, விற்கப்போனாலும் மரியாதையான விலை கிடைக்கும். கை இறுக்கமாக இருந்தால் வேறு கம்பெனி லென்ஸ் வாங்குவதில் ஒரு அவமானமும் இல்லை. ஆனால் கடை வாசல் வெயிலில் நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கிவிடாதே. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, இருட்டு மண்டபத்தில், நடமாடுகிற ஆளை, உன்னுடைய கேமராவிலேயே மாட்டி எடுத்துப் பார். பிரிண்ட் போட்டுப் பார். ஊரில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. எங்களுக்கும் ஊரே சேர்ந்துதான் தப்பாகச் சொன்னது. நீ முதலில் வாங்கிய லென்ஸில்தான் இன்றைக்கும் நான் வேலை செய்கிறேன். இந்தக் கடை இன்னும் திறந்திருப்பது அதனால்தான். ஆனால் இதெல்லாம் அப்புறம். கண்ணைக் காட்டாமல் எந்த லென்ஸையும் வாங்காதே.

நேற்றுக் காலை இட்லி சாப்பிடும்போது, உனக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று அத்தாவிடம் சொன்னேன். சட்னிக் கிண்ணத்தைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தவர் தேடுவதை நிறுத்தினார். நான் கிண்ணத்தை நகர்த்தி வைக்கவில்லை, அவருக்கு அது பிடிக்காது. அவரே கிண்ணத்தைக் கண்டுபிடித்துச் சட்னி போட்டுக்கொண்ட பிறகு, "எழுதுறதுன்னா லென்ஸ் நல்ல லென்ஸ்னு மொதல்ல எழுது" என்றார்.

"மத்தது?"

"மத்ததையும் எழுது." கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஜன்னலப் பாக்கச் சொல்லு அவன. எனக்கு அதுலதான் ஆரம்பிச்சுது" என்றார். இவ்வளவு நாள் என்னிடம்கூடச் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். முகங்கள் மறைவதற்கெல்லாம் ரொம்ப முன்னால், ஒருநாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் கம்பிகள் நடுவில் உள்வாங்கி வளைந்திருப்பது போலத் தெரிந்திருக்கிறது. யாரோ வண்டியைக் கொண்டுவந்து இடித்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து போயிருக்கிறார். கம்பியை மேலிருந்து கீழே தடவிப் பார்த்திருக்கிறார். நேராக இருந்திருக்கிறது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இதை யாரிடமும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருக்கிறார்.

நீ இருக்கிற அறையிலும் ஜன்னல் இருக்கும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து நின்று, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கம்பிகளைப் பார். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார். நேராகத் தெரிந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் போ. வளைந்து தெரிந்தால் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்காதே, தம்பி. கம்பி நேராகத்தான் இருக்கும். எனக்குப் போன் பண்ணு. நான் கிளம்பி வருகிறேன்.